ஆர்மெலிஸ் நிறுவனத்தின் ஒரே வாடிக்கையாளர்

2024ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 8ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். வெப்பநிலை ஏழு பாகை. மேற்கிலிருந்து மெல்லிய காற்று. குடை பிடிக்கும் அளவுக்கு வலுவில்லாத, பிடிக்காவிட்டால் நனைத்துவிடக்கூடிய தூறல். மொன்றியல் நகரின் சென்-ஆர்மெல் வட்டார சபைக் கட்டடத்தின் வாசலில், நடைபாதையிலிருந்து தெருவுக்கு இறங்கும் சாய்தளம் ஒன்று புதிதாகக் கட்டி முடிக்கப்பட்டிருந்தது. அதற்கு இரண்டு மீற்றர் தள்ளி, 2009ஆம் ஆண்டில் கட்டப்பட்ட இன்னொரு சாய்தளம் எந்தக் குறையுமின்றி இருந்தது. சிவாஜினி இரண்டையும் பார்த்தபடி நின்றாள். அவளுக்கு வேண்டிய சாய்தளம் அங்கிருந்து ஒன்றரைக் கிலோமீற்றர் தொலைவில், அவளுடைய வீட்டு வாசலில் இருந்திருக்க வேண்டும்.

முந்தைய நாள் அவளுக்கு வந்த கடிதம் மூன்று வரிகளைக் கொண்டது. ஓகஸ்ட் மாதத்தில் அவள் கேட்டிருந்த சாய்தளம் அமைக்கப்பட்டுவிட்டது, பணி ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டது, கோப்பு மூடப்பட்டுவிட்டது. கடிதத்தை வாசித்தபின் அவள் சன்னலைத் திறந்து வெளியே பார்த்தாள். நடைபாதை விளிம்பு வழக்கம்போலப் பதினெட்டுச் சென்ரிமீற்றர் உயரத்தில் நின்றது.

அந்தப் பதினெட்டுச் சென்ரிமீற்றருக்கு அப்பால் அவளுடைய கணவன் ரதீசன் இருந்தான். இருபத்திரண்டு ஆண்டுகள் மொன்றியல் துறைமுகத்திலிருந்து கொள்கலன் லொறி ஓட்டியவன். நீரிழிவு நோய் முதலில் ஒரு காலையும் பின்னர் மற்றைய காலையும் எடுத்துக்கொண்டது. இப்போது ஒரு மறுவாழ்வு நிலையத்தில், நூற்றைம்பது கிலோ எடையுள்ள மின் சக்கர நாற்காலியை ஓட்டப் பழகிக்கொண்டிருந்தான். வீட்டைப் பரிசோதிக்க வந்த சிகிச்சையாளர் கதவின் அகலத்தையும் குளியலறைக் கைப்பிடிகளையும் அங்கீகரித்துவிட்டார். எஞ்சியிருந்த குறை ஒன்றே: வாரத்துக்கு மூன்று முறை அவனைக் கிளினிக்குக்கு ஏற்றிச்செல்லும் வாகனம் தெருவில்தான் நிற்கும், நாற்காலி நடைபாதையிலிருந்து தெருவுக்கு இறங்க வழியில்லை. நவம்பர் 15ஆம் திகதிக்குள் அந்த வழி உண்டானால் அவன் வீட்டுக்கு வரலாம். இல்லையேல், அன்றே நகரத்தின் கிழக்கு எல்லையிலுள்ள நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்தில் அவனுக்கு ஒரு கட்டில் ஒதுக்கப்படும். அங்கே போனபின் வீடு திரும்பியவர் என்று எவரையும் சிவாஜினி அறியவில்லை. அவளுக்கு வேலை நகரின் தென்மேற்கிலுள்ள லாசாலில், பிஸ்கட் பொதிசெய்யும் தொழிற்சாலையில், பிற்பகல் முறையில். இல்லத்துக்குப் போய்வர மூன்று மணித்தியாலம் பிடிக்கும். இருபத்தாறு ஆண்டுகளாகச் சேர்ந்து வாழ்ந்தவர்கள், இனி ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் சந்திப்பவர்கள் ஆவார்கள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்புவரை இத்தகைய வேலைகளை வட்டார சபையே செய்துவந்தது. தொலைபேசியில் சொன்னால் ஒரு வாரத்தில் ஆட்கள் வந்தார்கள். இந்த எளிமை சபையின் கவனத்தை ஈர்த்தது. எளிதாக நடப்பது திறமையாக நடப்பதாகாது என்று ஆலோசகர்கள் நூற்றிருபது பக்கங்களில் விளக்கினார்கள். அதன்படி, பொதுச் சேவைகளை வணிக முறையில் வழங்குவதற்கென, சபை தனக்கே முழுவதும் சொந்தமான ஒரு நிறுவனத்தைத் தொடங்கி, அதற்கு ஆர்மெலிஸ் என்று பெயரிட்டது. சபையின் லொறிகள் நிறுவனத்தின் லொறிகளாயின. தொழிலாளரின் சட்டை பச்சையிலிருந்து ஊதாவாயிற்று. சபை, கட்டடத்தின் தரைத்தளத்தில் இருந்தது. நிறுவனம் முதல் மாடிக்குப் போயிற்று. தரைத்தளத்திலிருந்து முதல் மாடிக்குச் செல்லும் ஆவணங்கள் தபாலில் சென்றன. கையால் கொண்டுபோய்க் கொடுப்பது போட்டியாளர்களுக்கு இழைக்கும் அநீதியாகும் என்று கருதப்பட்டது. போட்டியாளர்கள் எவரும் இருக்கவில்லை.

சிவாஜினி முதல் மாடிக்கு ஏறினாள். அங்கே வரவேற்பு மேசை இல்லை. வாடிக்கையாளர் அனுபவ மேசை இருந்தது. அதில் அமர்ந்திருந்த ஷ்ருதி சென்னையிலிருந்து படிக்க வந்து, படிப்பு முடிந்ததும் ஆர்மெலிஸின் கணினி முறைமையைப் பராமரிக்கும் வேலையில் சேர்ந்தவள். மேசை வேலை பிறகு அவளுக்குச் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. கடிதத்திலிருந்த பெயரை வாசித்ததும் அவள் தமிழுக்கு மாறினாள்.

"ஆன்ட்டி, உங்க வேலை முடிஞ்சதுன்னுதான் காட்டுது. போட்டோவே இருக்கு."

திரையிலிருந்த படத்தில் புதிய சாய்தளமும் அதன் பின்னால் சபையின் கொடியும் தெரிந்தன.

"இது கீழை இருக்கிற வாசல், பிள்ளை."

"ஆமா."

"நான் இஞ்சை குடியிருக்கேல்லை."

ஷ்ருதி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கொடி பெரிதானதைத் தவிர வேறு பயன் விளையவில்லை. பிறகு வேலை உத்தரவைத் திறந்து வாசித்தாள். வாசித்ததை மறுபடியும் வாசித்தாள்.

"ஒண்ணு சொல்றேன், கோவப்படாதீங்க. எங்க சிஸ்டம் வேலையைக் கஸ்டமர் அட்ரஸுக்குத்தான் அனுப்பும்."

"ஓம். நான் விலாசம் குடுத்தனான்தானே."

"நீங்க கஸ்டமர் இல்ல ஆன்ட்டி. எங்களுக்குப் பணம் குடுக்கறது கவுன்சில். அதனால கவுன்சில்தான் கஸ்டமர். அவங்க அட்ரஸ் இந்த பில்டிங்."

"அப்ப நான் ஆர்?"

ஷ்ருதி திரையைப் பார்த்தாள். "பயனாளர்னு இருக்கு. உங்க விலாசம் 'பிற குறிப்புகள்'ல இருக்கு. அதை யாரும் தொறக்க மாட்டாங்க."

"இப்பிடி வேறை ஆருக்கும் நடந்ததே?"

"பெஞ்ச் மூணு வந்துச்சு. மரம் ஒண்ணு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "பின்னாடி கார் பார்க்ல போய்ப் பாருங்க. குழந்தைங்க ஊஞ்சல் ஒண்ணு நிக்கும்."

அம்புறோஸ், சிவாஜினி வசிக்கும் அடுக்குமாடிக் கட்டடத்திலேயே இரண்டாம் மாடியில் குடியிருப்பவர். சபையில் பச்சைச் சட்டையோடு கொங்கிறீற் வேலை செய்தவர், இப்போது நிறுவனத்தில் ஊதாச் சட்டையோடு அதே வேலையைச் செய்கிறார். மறுநாள் காலை ஆறு மணிக்கு அவர் வேலைக்கு இறங்கியபோது சிவாஜினி படியடியில் நின்றாள்.

"அண்ணை, சபை வாசலிலை அந்த றாம்பை ஆர் போட்டது?"

"நான்தான்."

"உங்களுக்கு எங்கட வாசல் தெரியாதே?"

"தெரியும் தங்கச்சி. ஒவ்வொரு நாளும் அதாலைதானே போறன்."

"அங்கை ஏற்கெனவே ஒண்டு கிடந்ததையும் காணேல்லையாக்கும்."

"கண்டனான். அதுவும் நான் போட்டதுதான்." அம்புறோஸ் தொப்பியைக் கழற்றி மறுபடியும் போட்டுக்கொண்டார். "மேற்பார்வைக்காரனிட்டைச் சொன்னனான். வாடிக்கையாளற்றை விருப்பத்தைக் கேள்வி கேக்கிறது எங்கட வேலையில்லை எண்டு சொல்லிப்போட்டான். முந்தியெண்டா ஒரு போன் அடிச்சுக் கேட்டுப்போட்டு இஞ்சை வந்திருப்பம். இப்ப பேப்பரிலை இல்லாத இடத்திலை ஒரு வாளி ஊத்தினாலும் எழுத்திலை விளக்கம் குடுக்க வேணும்."

"நல்ல வேலை செய்தியள் போங்கோ."

"வேலையெண்டாத் திறம் வேலை. நீர் கிட்டப் போய்ப் பாத்தனீரே? ஒரு வெடிப்பில்லை."

அவருக்கு வெட்கம் இருந்தது, பெருமையும் இருந்தது. இரண்டையும் ஒரே முகத்தில் வைத்திருக்க அவர் சிரமப்பட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ரதீசனிடம் இதைச் சொன்னபோது அவன் நெடுநேரம் சிரித்தான்.

"அப்ப மேயர் இனித் தடக்காமல் ஏறுவார்."

"உங்களுக்குப் பகிடியாக் கிடக்கு."

"இஞ்சாரும், நீர் கரைச்சல்பட வேண்டாம். அந்த இல்லத்திலை சாப்பாடு ஒருநாளும் பிந்தாதாம்."

"உங்களுக்கு அங்கை போக விருப்பமே?"

ரதீசன் நாற்காலியின் விசையைத் தொட்டு அரை அடி முன்னால் போய், அரை அடி பின்னால் வந்தான். "எனக்கு எங்கட குசினிக்குள்ளை போய் நானே ஒரு தேத்தண்ணி ஊத்த வேணும். வேறையொண்டும் வேண்டாம்."

ஒக்டோபர் 17ஆம் திகதி, வியாழக்கிழமை காலை, சிவாஜினி வட்டார சபையின் வேலைப் பகுதிப் பணிப்பாளரைச் சந்தித்தாள். அவர் பெயர் பெலான்ஷே. காலையில் எட்டு மணி முதல் பன்னிரண்டு மணிவரை தரைத்தளத்தில் சபையின் பணிப்பாளராகவும், பிற்பகல் ஒரு மணி முதல் ஐந்து மணிவரை முதல் மாடியில் ஆர்மெலிஸின் தலைவராகவும் அவர் கடமையாற்றினார். காலையில் அவர் சேவைகளைக் கோரி எழுதினார். தபால் வந்து சேர்ந்த பிற்பகலில் அக்கோரிக்கைகளை ஏற்றுப் பதிலெழுதினார். இரண்டு அறைகளிலும் அவருக்கு வெவ்வேறு பேனைகள் இருந்தன. அவர் தீயவரல்லர். முட்டாளும் அல்லர் என்று அவரை நியமித்தவர்கள் நம்பினார்கள்.

சிவாஜினிக்குத் தொழிற்சாலையில் கற்ற பிரெஞ்சு இருந்தது. அது போதுமானதாகவும் இருந்தது. அவள் நடந்ததைச் சொன்னாள். பெலான்ஷே முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"தவறு நடந்திருக்கிறது, மதாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நிறுவனம் தன் தவறைத் திருத்த வேண்டுமென்றால் வாடிக்கையாளர் முறையிட வேண்டும்."

"வாடிக்கையாளர் சபைதானே. நீங்கள் முறையிடுங்கள்."

"பணி திருப்திகரமானது என்று சபை ஏற்கெனவே ஒப்பமிட்டுவிட்டது."

"ஒப்பமிட்டவர் யார்?"

"நான்."

"அதை மீளப்பெற முடியாதா?"

"மீளப்பெற்றால், பணியை வழங்கியவருக்கு எதிராக நான் நடவடிக்கை எடுக்க வேண்டிவரும். பணியை வழங்கியவரும் நானே. எமது ஒழுக்கக் கோவையின்படி, எனக்குச் சம்பந்தமுள்ள விடயங்களிலிருந்து நான் விலகிநிற்க வேண்டும்." அவர் தம் நேர்மையை மெச்சியபடி கழுத்துப்பட்டியைச் சரிசெய்தார். "இதில் எனக்கு இரண்டு பக்கமும் சம்பந்தமிருப்பதால், இரண்டு பக்கமும் விலகிவிட்டேன்."

"அப்படியானால் யார் முடிவெடுப்பார்?"

"எனது பதிலாள். அந்தப் பதவி தற்போது வெற்றிடமாக உள்ளது."

நவம்பர் 4ஆம் திகதி மாலை, சபையின் மாதாந்தக் கூட்டம். சிவாஜினி ஒரு நாள் சம்பளத்தை விட்டுக்கொடுத்து, பொதுமக்கள் கேள்வி நேரத்துக்குத் தன் பெயரைப் பதிந்தாள். அதற்கு முன்னர் ஆர்மெலிஸின் ஆண்டறிக்கை வாசிக்கப்பட்டது. வாடிக்கையாளர் திருப்தி நூற்றுக்கு நூறு வீதம் என்று அறிவிக்கப்பட்டபோது உறுப்பினர்கள் கைதட்டினார்கள். வாடிக்கையாளர்களுக்கு அனுப்பப்பட்ட கருத்துப் படிவங்கள் மொத்தம் ஒன்று. நிரப்பப்பட்டுத் திரும்பியது ஒன்று. அடுத்து, உள்ளூர் வருவாயை மட்டும் நம்பியிராமல் வெளி வாடிக்கையாளர்களையும் ஆர்மெலிஸ் தேடிக்கொள்ள வேண்டும் என்று மேயர் வலியுறுத்தினார். ஆண்டு முடிவதற்குள் ஒருவரேனும் கிடைப்பார் என்று பெலான்ஷே வாக்களித்தார்.

ஒருவருக்கு ஒரு கேள்வி. அதற்கு இரண்டு நிமிடம். சிவாஜினிக்கு அவ்வளவு நேரம் தேவைப்படவில்லை.

"என் கணவரின் சாய்தளம் உங்கள் வாசலில் இருக்கிறது. அதை வீட்டுக்கு எடுத்துப்போக எனக்கு அனுமதி உண்டா?"

பின்வரிசையில் இரண்டொருவர் சிரித்தார்கள். மேயர் சிரிக்கவில்லை. பொதுச் சொத்தை இடம்பெயர்ப்பது குறித்த கேள்வி பதிவுசெய்யப்பட்டதாகவும், முப்பது நாட்களுக்குள் எழுத்தில் பதில் வருமென்றும் கூறினார். நவம்பர் 15ஆம் திகதிக்குப் பதினொரு நாட்களே இருந்தன.

பேருந்துத் தரிப்பிடத்தில் ஷ்ருதி ஓடிவந்து அவளைப் பிடித்தாள். கூட்டத்தில் திரையை இயக்கும் வேலையும் அவளுடையதே.

"ஆன்ட்டி, இனிமே கம்ப்ளெய்ண்ட் எதுவும் குடுக்காதீங்க. ஆர்டர் குடுங்க."

"என்ன?"

"வெளி கஸ்டமர்னு ஒரு பக்கம் இருக்கு. நான்தான் செஞ்சேன். இதுவரைக்கும் ஒருத்தர்கூட வரல. யார் வேணா ஆர்டர் பண்ணலாம், பத்து நாள்ல முடிச்சுக் குடுக்கணும்னு ரூல் வச்சிருக்காங்க. நீங்க பணம் கட்டினா நீங்கதான் கஸ்டமர். அப்போ கஸ்டமர் அட்ரஸ் உங்க வீடு."

"சபை செய்ய வேண்டிய வேலையைச் சபையிட்டையே நான் காசு குடுத்து வாங்கிறதோ?"

"சபைகிட்ட இல்ல, கம்பெனிகிட்ட," என்றாள் ஷ்ருதி. சொன்னபின் அவளுக்கே அது நன்றாகப் படவில்லை. "சாரி ஆன்ட்டி. எனக்கு வேற வழி தெரியல."

பேருந்து வந்தது. சிவாஜினி ஏறவில்லை. அடுத்த பேருந்து வரும்வரை யோசித்துவிட்டு, "அந்தப் பக்கத்தைத் திறவும் பிள்ளை," என்றாள். தரிப்பிடத்து விளக்கின் கீழே, ஷ்ருதியின் கைப்பேசியில், ஆர்மெலிஸ் நிறுவனத்துக்கு முதலாவது வெளி வாடிக்கையாளர் கிடைத்தார். ரதீசனின் லொறியை விற்று வைத்திருந்த பணத்தில் ஒரு பகுதி அங்கே போயிற்று.

அதன் பிறகு அவளுக்குக் கிடைத்த மரியாதை வியப்புக்குரியது. நாளுக்கு இரண்டு முறை தொலைபேசியில் நலம் விசாரித்தார்கள். கொங்கிறீற் எந்தச் சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டும் என்று கேட்டார்கள். வேலைக்கு நவம்பர் 13ஆம் திகதி, புதன்கிழமை, முற்பகல் பதினொன்றரை மணி குறிக்கப்பட்டது. ஒரு நிபந்தனை மட்டும் இருந்தது: நடைபாதை சபைக்குச் சொந்தமானது, ஆகவே சொந்தக்காரரின் ஒப்பமிட்ட அனுமதியை வாடிக்கையாளரே பெற்றுத்தர வேண்டும். அனுமதிகள் இரண்டு. உடைப்பதற்கான அனுமதி செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது. உடைப்பதற்கு அனுமதிப்பதில் சபை என்றும் தயங்கியதில்லை. அம்புறோஸும் அவருடைய ஆட்களும் விளிம்பை வெட்டி அகற்றினார்கள். புதன்கிழமை விடிந்தபோது வீட்டு வாசலில் விளிம்பும் இல்லை, சாய்தளமும் இல்லை; முழங்கால் ஆழத்தில் ஒரு குழி இருந்தது. கட்டுவதற்கான அனுமதி வரவில்லை.

பதினொன்று நாற்பதுக்குச் சிவாஜினி பெலான்ஷேயின் தரைத்தள அறையில் நின்றாள். தாள் தயாராக மேசையில் கிடந்தது.

"ஒரு சிறு சிக்கல், மதாம். சபை ஒப்பமிடுவதற்கு முன், பணியைச் செய்பவரின் உறுதிமொழி இதில் இருக்க வேண்டும். அதை நிறுவனத்தின் தலைவர் ஒப்பமிடுவார்."

"அது நீங்கள்."

"பிற்பகல் ஒரு மணியிலிருந்து."

"ஒரு மணிக்கு ஒப்பமிட்டால்?"

"பிறகு சபையின் ஒப்பம் வேண்டும். அதற்கு நாளைக் காலை எட்டு மணிக்கு நான் இங்கே இருப்பேன்."

சிவாஜினியின் கைப்பேசி அடித்தது. அம்புறோஸ்.

"தங்கச்சி, கலவை லொறி வந்து நிக்குது. பன்னிரண்டே முக்காலுக்குப் பிறகு இறுகிப்போகும். இண்டைக்கு விட்டா அடுத்த லொறி திங்கள்தான். விரைவாக் காயிற கலவை, இப்ப ஊத்தினா வெள்ளிக்கிழமை நாற்காலிச் சில்லு ஏறும். ஒப்பம் வந்திட்டுதே?"

"இன்னும் இல்லை அண்ணை."

"நான் ஒரு வாளியிலை எடுத்துக்கொண்டு வந்து அவன்ரை மேசையிலை ஊத்தட்டே?"

"பொறுங்கோ."

அவள் கைப்பேசியை வைத்தாள். ஒரு மாதத்துக்கு முன் இந்த அறையில் அவள் நியாயத்தைப் பேசியிருந்தாள், தேவையைப் பேசியிருந்தாள், அவை இரண்டும் இங்கே செல்லுபடியாகும் நாணயங்களல்ல என்று இதற்குள் அறிந்துகொண்டிருந்தாள்.

"மிஸ்யே பெலான்ஷே, என்னுடைய ஆர்டரை ரத்துசெய்கிறேன்."

பெலான்ஷே நிமிர்ந்தார்.

"வாடிக்கையாளர் திருப்தியடையவில்லை," என்றாள் சிவாஜினி. "காரணத்தை எழுத்தில் மேயருக்கு அனுப்புவேன். வெளி வாடிக்கையாளர் ஒருவர் கிடைத்துவிட்டதாக நீங்கள் அவருக்கு அறிவித்துவிட்டதாகக் கேள்வி."

அறிவித்திருந்தார். செய்தி மடலும் அச்சுக்குப் போயிருந்தது. பெலான்ஷே கடிகாரத்தைப் பார்த்தார். ஒழுக்கக் கோவை இருந்த அலமாரியைப் பார்த்தார். பிறகு, அந்தக் கட்டடத்தில் அவருடைய காலம் முழுவதிலும் அவர் எடுத்த ஒரே துணிச்சலான முடிவாகத் தாளையும் மேசையிலிருந்த பேனையையும் எடுத்துக்கொண்டு எழுந்தார். மாடிப்படிகளில் ஏறி, நடுவிலிருந்த திருப்பத்தில் நின்றார். அவ்விடம் தரைத்தளமுமன்று, முதல் மாடியுமன்று என்றும், அங்கே நிற்பவர் எந்த நேரத்திலும் இரண்டு நிர்வாகங்களுக்கும் உரியவர் என்றும் அவர் விளக்கினார். அவர் கேட்டதும், மேலேயிருந்து ஷ்ருதி மற்றப் பேனையைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

சுவரில் தாளை வைத்து, நிறுவனத்தின் பேனையால் உறுதிமொழி அளித்தார். சபையின் பேனையால் அந்த உறுதிமொழியை வாசித்துத் திருப்தியடைந்து, அனுமதி வழங்கினார். தாளின் மூன்றாவது பிரிவின்படி, சாய்தளம் அமையும் ஒரு மீற்றர் இருபது சென்ரிமீற்றர் அகல நடைபாதையில் விழும் பனி முழுவதையும் பத்து ஆண்டுகளுக்கு மனுதாரரே அகற்ற வேண்டும். சிவாஜினி அதை வாசித்தாள். மணி பன்னிரண்டு பதினொன்று.

"எமது முதல் வெளி வாடிக்கையாளர்," என்றார் பெலான்ஷே. அவர் முகத்தில் உண்மையான மகிழ்ச்சி இருந்தது. "செய்தி மடலுக்கு ஒரு படம். நீங்கள் தாளின் அந்த முனையைப் பிடியுங்கள், நான் இந்த முனையைப் பிடிக்கிறேன்."

ஷ்ருதி கைப்பேசியை உயர்த்தி ஒரு படம் எடுத்தாள்.

"இன்னும் ஒன்று," என்றார் பெலான்ஷே. "இருவரும் புன்னகையுடன்."

இரண்டாவது படத்தில் அவர் மட்டுமே இருந்தார்: புன்னகையுடன், எதையும் பிடிக்காத கையை நீட்டியபடி. தாள் சிவாஜினியிடம் இருந்தது. அவள் வாசலைக் கடந்துகொண்டிருந்தாள்.